மணிப்பூர் ரோடு: ஒரு போர்க்காலப் பண்டகசாலையின் வரலாறு

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் வெளித் திண்ணையில் அஸர் தொழுகைக்குப் பின் முதியவர் சிலர் அமர்ந்து உரையாடுவது வழக்கம். அவர்களுள் ஒருவர் 1942-ஆம் ஆண்டில் ரங்கூனிலிருந்து கால்நடையாகவே தாயகம் திரும்பியவர். வாப்பாவின் வாப்பா வயதினர் என்பதால் அவரை 'அப்பா' என்றே அழைப்போம். மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த சிறுவர்களாகிய நாங்கள், ஜப்பானியர் குண்டு வீசிய கதையைச் சொல்லுமாறு அவரை நச்சரிப்போம். அவரோ அதைச் சொல்லமாட்டார். "மணிப்பூர் ரோட்டில் ஒருவன் எனக்குச் சோறு கொடுத்தான்" என்று தொடங்குவார். "ரயிலிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கூலியாள் அவன். தன் பங்குச் சோற்றில் பாதியை என் கையில் வைத்தான். அவன் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்" என்று முடிப்பார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேட்காமல் விட்ட ஒரு பெயருக்காக ஒரு மனிதர் இத்துணை வருந்துவதேன் என்பது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

பின்னாளில் நூல்களைப் புரட்டியபோதுதான் 'மணிப்பூர் ரோடு' என்பது சாலையன்று, ஒரு ரயில் நிலையத்தின் பெயர் என்பதை அறிந்தேன். இன்று அதனைத் திமாப்பூர் என்கிறோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் மாபெரும் உணவு, தளவாடக் கிடங்குகளுள் ஒன்று அச்சிற்றூரை ஒட்டியே எழுந்தது. அதன் வரலாற்றை இயன்றவரை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மக்ஸன் என்னும் சொல்

அரபு மொழியில் 'கஸன' என்றால் சேமித்து வைத்தான் என்பது பொருள். சேமிக்கும் இடம் 'மக்ஸன்'. அதன் பன்மை 'மகாஸின்'. இச்சொல் அரபு வணிகர்களோடு மத்தியதரைக் கடலைக் கடந்து இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளுட் புகுந்து, ஆங்கிலத்தில் 'மேகஸின்' ஆயிற்று. முதலில் அதற்குப் படைக்கலமும் வெடிமருந்தும் வைக்கும் கிடங்கு என்றே பொருள். 1731-இல் இலண்டனில் தொடங்கப்பெற்ற ஓர் ஏடு, பலவகைச் செய்திகளின் கிடங்கு என்ற கருத்தில் அப்பெயரைச் சூடிக்கொண்டது. அன்றுமுதல் பருவ இதழ்கட்கெல்லாம் அதுவே பெயராயிற்று. மொரோக்கோ நாட்டிலோ 'மக்ஸன்' என்றால் அரசாங்கம் என்றே பொருள். தானியக் கிடங்கின் சாவி எவர் கையிலோ, ஆட்சியும் அவர் கையிலே என்பதை அம்மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர் போலும். எகிப்தில் பஞ்சம் வருமுன் நபி யூசுப் (அலை) அவர்கள் கேட்டுப்பெற்ற பொறுப்பும் நாட்டின் களஞ்சியங்களைக் காப்பதேயன்றோ!

திமாப்பூரின் கதையும் இச்சொல்லின் கதையே.

சிற்றூரும் இருப்புப் பாதையும்

திமாப்பூர், நாகா மலைகளின் அடிவாரத்தில், தன்சிரி ஆற்றின் கரையில் அமைந்த ஊர். ஒரு காலத்தில் கச்சாரி மன்னர்களின் தலைநகராக விளங்கியது. பதினாறாம் நூற்றாண்டில் அஹோம் அரசர்கள் படையெடுத்து வந்தபின் அந்நகரம் பாழ்பட்டது. குடை விரித்தாற்போன்ற தலைகளையுடைய கல் தூண்கள் மட்டும் எஞ்சி நின்றன. பின்னர் அதைக் காடு மூடியது. மலேரியாக் காய்ச்சலுக்கு அது பேர்பெற்ற இடமாயிற்று.

அஸ்ஸாம் வங்காள இருப்புப் பாதை அவ்வழியே போடப்பட்டபோது, மணிப்பூருக்குச் செல்வோர் இறங்கவேண்டிய நிலையம் என்பதால் 'மணிப்பூர் ரோடு' என்று பெயரிட்டனர். அங்கிருந்து மலைப்பாதை ஒன்று சுற்றிச் சுற்றி ஏறும். 46-ஆவது மைலில், ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் கொஹிமா. அதற்கப்பால் மலையிறங்கினால் இம்பால் சமவெளி. அதற்கும் அப்பால் தமு என்னும் எல்லை ஊர், பின்னர் பர்மா. போருக்கு முன் இப்பாதையில் எப்போதாவது சில மோட்டார் வண்டிகள் செல்லும். உலகம் அவ்வூரை அறியாது. அவ்வூரும் உலகத்தை நாடவில்லை.

நடந்து வந்தவர்கள்

1941 டிசம்பர் 23-இல் ரங்கூன் மீது முதன்முதலாகக் குண்டுகள் வீழ்ந்தன. 1942 மார்ச் 8-இல் அந்நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவில் அப்போது பத்து இலட்சத்தை எட்டும் இந்தியர் வாழ்ந்துவந்தனர். தமிழ் முஸ்லிம் வணிகர், செட்டி நாட்டார், துறைமுகத் தொழிலாளர், வயற்கூலிகள் என நம் தமிழ் மக்கள் அவர்களுள் பல்லாயிரவர். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலேறினர். எஞ்சிய இலட்சக்கணக்கானோர் மலைகளையும் காடுகளையும் கடந்து நடக்கலாயினர். அவர்களுள் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமு, இம்பால் வழியாக இந்த ரயில் நிலையத்தை நோக்கி வந்தனர்.

வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் அவர்களைக் கொய்தன. ஐரோப்பியர்க்கு ஒரு பாதை, இந்தியர்க்கு ஒரு பாதை என்ற பேதம் காட்டப்பட்டதாக அக்காலத்திலேயே கண்டனக் குரல் எழுந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்ட முதலாளிகளின் சங்கம் வழியில் முகாம்களை அமைத்துச் சோறும் தேநீரும் வழங்கியது. அம்முகாம்களில் சமைத்தவரும், நோயாளிகளைச் சுமந்தவரும், பிணங்களைப் புதைத்தவரும் தோட்டத் தொழிலாளரே. எங்கள் ஊர் முதியவர் உண்ட சோறு இவ்வேளையிற் கிடைத்ததுதான்.

ஒரு வழியில் அகதிகள் இறங்கிவர, அதே வழியில் படையினர்க்கான மூட்டைகள் ஏறிச்சென்றன. பர்மாவை இழந்த பிரிட்டிஷார் அதை மீட்கவும், இந்தியாவின் கீழ்வாசலைக் காக்கவும் இவ்வொரு பாதையையே நம்பவேண்டியிருந்தது. இவ்வாறுதான் அகதிகள் ரயிலேறிய நிலையம் படையின் பண்டகசாலையாயிற்று.

பதினோரு மைல் கிடங்கு

1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திமாப்பூர்க் கிடங்கு 11 மைல் நீளமும் ஒரு மைல் அகலமுமாகப் பரந்திருந்தது. அரிசி, கோதுமை மாவு, பருப்பு, நெய், சர்க்கரை, உப்பு முதலிய உணவுப் பொருள்கள் ஒரு புறம். பீரங்கிக் குண்டுகளும் துப்பாக்கி ரவைகளும் மற்றொரு புறம். பெட்ரோல் பீப்பாய்கள், வண்டிச் சக்கரங்கள், மருந்துப் பெட்டிகள், கூடாரங்கள், ஆடைகள் என வகைக்கொரு பகுதி. இவற்றினூடே கிளை இருப்புப் பாதைகள், பழுதுபார்க்கும் பட்டறைகள், மருத்துவமனைகள், தொழிலாளர் குடியிருப்புகள்.

இவையெல்லாம் எவ்வாறு அங்கு வந்தன என்பதை அறிந்தால் அவ்வுழைப்பின் அருமை விளங்கும். கல்கத்தாவிலிருந்து அகலப் பாதையில் வரும் சரக்கை வடக்கே பார்வதிப்பூரில் இறக்கி, மீட்டர் பாதை வண்டிகளில் மறுபடியும் ஏற்றவேண்டும். பிரம்மபுத்திரா ஆற்றைக் கடக்கப் பாலம் கிடையாது. அங்குப் பாலம் கண்டது 1960-களில்தான். ஆகவே சரக்குப் பெட்டிகளைப் படகுகளில் ஏற்றி மறுகரை சேர்த்து, மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றினர். மழைக்காலத்தில் ஆறு கரைபுரளும். மலைச்சரிவில் பாதை பெயரும். தேயிலையையும் சணலையும் ஏற்றிச்செல்லப் போடப்பட்ட அப்பாதை நாளொன்றுக்கு 600 டன் சுமக்கவே தகுதி பெற்றிருந்தது. 1944 மார்ச்சில் அமெரிக்க ரயில்வேப் படையினர் வந்து பொறுப்பேற்றபின், அவ்வாண்டு அக்டோபரில் அது 4,400 டன்னாக உயர்ந்தது.

வந்த சரக்கை இறக்கவும், மலைப்பாதையை அகலமாக்கவும் ஆட்கள் வேண்டுமல்லவா? தேயிலைத் தோட்டங்களிலிருந்து தொழிலாளர் பல்லாயிரவர் அனுப்பப்பட்டனர். சோட்டா நாகபுரி, ஒரிஸா, தெலுங்கு நாடு முதலிய இடங்களிலிருந்து முன்னொரு தலைமுறையில் தோட்டக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோரின் மக்கள் அவர்கள். மண்வெட்டியும் கூடையுமாக அவர்கள் வெட்டிய பாதையில்தான் பின்னர் டாங்கிகளும் லாரிகளும் ஏறின.

உணவு வழங்குவதிலும் சிக்கல்கள் பல. இந்தியப் படையில் முஸ்லிம்களுக்கு ஹலால் முறைப்படி அறுத்த இறைச்சி. சீக்கியர்க்கும் இந்துக்கட்கும் அவரவர் முறைப்படி. சிலர் இறைச்சியே உண்ணாதவர். வடநாட்டார்க்குக் கோதுமை மாவு, தென்னாட்டார்க்கு அரிசி. ஆகவே இறைச்சியை டின்களில் அடைத்தனுப்பி இந்தியப் படையினரைத் திருப்திப்படுத்த இயலாது. ஆடுகளை உயிரோடு கொண்டுசெல்லவேண்டும். ஸ்லிம் என்னும் தளபதியின் தலைமையிலிருந்த பதினான்காம் படையில் இப்பொறுப்பை ஏற்றிருந்தவர் ஸ்னெல்லிங் என்பவர். பட்டுப் பாராசூட்டுகள் போதாமற்போனபோது, வங்காளச் சணலால் பாராசூட் செய்விக்கலாம் என்ற யோசனையை அவர்கள் நிறைவேற்றிக் காட்டினர். 20 பவுனுக்கு மேல் விலைபெற்ற பொருளை ஒரு பவுனுக்குச் சற்று அதிகமான செலவில் முடித்தனர்.

அருகே ஒரு பஞ்சம்

இக்கிடங்கு நிறைந்துவந்த அதே 1943-ஆம் ஆண்டில், அதன் மேற்கே வங்காளத்தில் மக்கள் தெருக்களில் வீழ்ந்து மாண்டனர். அப்பஞ்சத்தில் 15 இலட்சம் பேர் இறந்ததாக அரசாங்க விசாரணைக் குழு 1945-இல் மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர் பலர் அத்தொகை 30 இலட்சத்தை எட்டும் என்பர்.

திமாப்பூரில் மூட்டை அடுக்கியதனால்தான் வங்காளம் பட்டினி கிடந்தது என்று கூறுவது நேர்மையாகாது. பர்மா அரிசி நின்றுபோனமை, 1942 அக்டோபரில் வீசிய பெரும்புயல், பயிர்நோய், பதுக்கல், விலையேற்றம், மாகாண அரசின் தடுமாற்றம், இலண்டனின் அலட்சியம் எனக் காரணங்கள் பல. ஆயினும் ஒன்றை மறைத்தற்கியலாது. ஜப்பானியர் கையிற் சிக்கலாகாது என்று 1942-இல் கடலோர மாவட்டங்களின் உபரி நெல்லை அரசு அகற்றியது. படகுகள் பல்லாயிரத்தைக் கைப்பற்றியும் அழித்தும் முடக்கியது. கீழ்வங்காளத்தில் படகே வண்டி, படகே ஏர், படகே வலை. அதை இழந்த மீனவரும் ஓடக்காரரும் பஞ்சத்தின் முதற் பலிகளுள் அடங்குவர். படைக்கும் போர்த்தொழிற்சாலைக்கும் உணவு முதலிடம் பெற்றது. சிற்றூர் ஏழைக்கு எந்தக் கணக்கேட்டிலும் இடமிருக்கவில்லை.

பங்கீட்டு ஏட்டில் பெயருள்ளவன் பிழைத்தான்; பெயரில்லாதவன் மாண்டான். இவ்வுண்மையை நெஞ்சிற் கொண்டே மேலே செல்வோம்.

நாற்பத்தையாயிரம் வயிறுகள்

1944 மார்ச்சில் (ஹிஜ்ரி 1363) ஜப்பானியத் தளபதி முத்தகுச்சி, மூன்று டிவிஷன்களோடு இந்திய எல்லையைத் தாக்கினார். சுமார் 85,000 பேர் அடங்கிய படை அது. மலைக்காட்டின் வழியே உணவு அனுப்ப அவரிடம் வசதி கிடையாது. வீரர்கள் மூன்று வாரத்திற்கான உணவையே சுமந்து சென்றனர். கூடவே மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றனர். அம்மாடுகளுட் பெரும்பாலானவை சிந்துவின் ஆற்றிலும் மலையேற்றத்திலும் மடிந்தன. மூன்று வாரத்திற்குப் பின்? பிரிட்டிஷாரின் கிடங்குகளைப் பிடித்து உண்பது என்பதே திட்டம். மலேயாவிலும் பர்மாவிலும் அவ்வாறே வென்றவர்கள் அவர்கள்.

ஸாட்டோ என்பவரின் தலைமையில் 31-ஆவது டிவிஷன் கொஹிமாவை நோக்கி விரைந்தது. ஒரு முழு டிவிஷன் அம்மலைகளைக் கடந்து வரக்கூடும் என்று பிரிட்டிஷார் எண்ணவேயில்லை. திமாப்பூரில் பெருங்கலக்கம் உண்டாயிற்று. ஸ்லிம் அங்கு விரைந்து சென்று, உணவு பெறுவோர் எத்தனை பேர் என்று பொறுப்பதிகாரியைக் கேட்டாராம். ஏறத்தாழ 45,000 என்று விடை வந்தது. அவர்களுள் எத்தனை பேரைப் போர்வீரராகத் திரட்டலாம் என்று கேட்டதற்கு, துப்பாக்கி சுடத் தெரிந்தவர் ஐந்நூறு பேர் தேறலாம் என்றாராம் அவ்வதிகாரி. பிற்காலத்தில் ஸ்லிம் எழுதிய நினைவு நூலில் இவ்வுரையாடலைக் காணலாம்.

கிடங்கு போனால் எல்லாம் போயிற்று என்ற அச்சத்தால், கொஹிமாவைக் காக்கச் சென்ற 161-ஆவது பிரிகேடை மீண்டும் திமாப்பூருக்கே இறக்கிக்கொண்டனர். பின்னர்த் தவற்றையுணர்ந்து மறுபடி ஏற்றினர். அதற்குள் காலம் கடந்தது. ஏப்ரல் 4-ஆம் நாள் ஜப்பானியர் கொஹிமாவைத் தாக்கத் தொடங்கினர். மறுநாள் ஒரே ஒரு பட்டாளம்தான் உட்புக முடிந்தது. அஸ்ஸாம் ரெஜிமெண்டு, அஸ்ஸாம் ரைபிள்ஸ் வீரர்களையும் சேர்த்துப் போரிடத்தக்கவர் 1,500 பேரளவே. எதிரே ஒரு டிவிஷன்!

கொஹிமாவில் போர் நடந்த குன்றுகளின் பெயர்களே பண்டகசாலையின் கதையைக் கூறுவன. ஒன்று களப் பண்டகசாலைக் குன்று. மற்றொன்று அன்றாடப் பங்கீட்டுக் கிடங்குக் குன்று. இன்னொன்று போக்குவரத்துப் படை மேடு. அரிசி நிறுத்துக்கொடுத்த கொட்டகைகளிடையே கைக்குண்டுகள் பறந்தன. ரொட்டி சுடும் செங்கல் அடுப்புகளுக்குள் ஜப்பானியர் ஒளிந்து நின்று போரிட்டனர். முற்றுகைக்குள் அகப்பட்டோர்க்குத் தண்ணீர் நாளொன்றுக்கு ஒரு குவளைக்கும் குறைவாகவே கிடைத்தது. ஏப்ரல் 18-க்கும் 20-க்கும் இடையில் உதவிப்படை வந்து அவர்களை மீட்டது. அப்பாலும் அம்மேட்டை முழுமையாக மீட்கச் சில வாரங்கள் ஆயின.

தீண்டப்படாத கிடங்கு

இவ்வளவு பெரும் கிடங்கு 46 மைல் தொலைவில், காவலின்றிக் கிடந்தபோது ஜப்பானியர் அதனை ஏன் பிடிக்கவில்லை? முத்தகுச்சி அதைத்தான் விரும்பினார். திமாப்பூர் வரை துரத்திச் செல்லுமாறு கட்டளையும் பிறப்பித்தார். ஆனால் அவருக்கு மேலதிகாரியான கவாபே, அது திட்டத்தில் அடங்காத இலக்கு என்று தடுத்துவிட்டார். ஸாட்டோவின் படை கொஹிமா மேட்டிலேயே தன் வலிமையைக் கரைத்தது. அதற்குள் திமாப்பூருக்கு ரயிலிலும் விமானத்திலும் புதுப்படைகள் வந்து குவிந்தன. கிடங்கின் பண்டங்களால் பலம்பெற்ற அப்படைகளே கொஹிமாவை மீட்டன. ஜூன் 22-ஆம் நாள் 109-ஆவது மைல்கல்லருகே, வடக்கிலிருந்து சென்ற படையும் இம்பாலிலிருந்து வந்த படையும் சந்தித்தன. பாதை திறந்தது.

ஸாட்டோவின் வீரர்க்கோ மூன்று வார உணவு தீர்ந்தபின் வேறொன்றும் வரவில்லை. நாகா மக்களின் நெல்லையும் பன்றிகளையும் பறித்தனர், அதுவும் தீர்ந்தது. புல்லையும் காட்டுக் கீரையையும் தின்றனர். மே மாத இறுதியில், மேலிடத்துக் கட்டளையை மீறி, ஸாட்டோ தம் படையைப் பின்வாங்கச் செய்தார். ஜப்பானியப் படை மரபில் கேட்டறியாத செயல் அது. அவரைப் பதவியிலிருந்து விலக்கி, மனநலமற்றவர் எனக் கூறி விசாரணையின்றி விடுத்தனர். அப்போர்முனையில் மாண்ட ஜப்பானியர் சுமார் 30,000 பேர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றவை பசியும் நோயுமே.

அவர்களோடு எல்லைக்கு வந்த இந்திய தேசிய இராணுவத்தினரும் அதே பசிக்கு ஆளாயினர். முகம்மது ஸமான் கியானி, ஷா நவாஸ் கான் முதலியோரின் தலைமையில் வந்த அவர்கள், தாய்மண்ணில் காலூன்றும் ஆர்வத்தோடு வந்து, மழையிலும் காய்ச்சலிலும் உணவின்றித் திரும்பினர். எதிர்ப்புறத்தில் பிரிட்டிஷ் கொடியின்கீழ் நின்று போரிட்டு, ஏப்ரல் 6-ஆம் நாள் இம்பாலுக்கு வடக்கே உயிர்நீத்தவர் ஜமேதார் அப்துல் ஹபீஸ். விக்டோரியா சிலுவை அவருக்கு இறந்தபின் வழங்கப்பட்டது. அவரது அடக்கத்தலம் இம்பாலில் உள்ளது. இருபுறமும் நம்மவர். ஒருபுறம் கிடங்கிருந்தது, மறுபுறம் இல்லை.

எழுதப்படாத ஏடு

கொஹிமாவில், முற்றுகை நடந்த மேட்டிலேயே, ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1,420 அடக்கத்தலங்கள், எரியூட்டப்பெற்ற இந்து, சீக்கிய வீரர் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர் தாங்கிய நினைவுச் சின்னம். முஸ்லிம் வீரரும் கிறிஸ்தவ வீரரும் அம்மண்ணில் அருகருகே உறங்குகின்றனர். ஒவ்வொரு பெயரையும் தேடிக் கல்லிற் பொறித்திருக்கிறார்கள். அது பாராட்டத்தக்க செயல்.

ஆனால் அந்தப் பதினோரு மைல் கிடங்கில் மூட்டை சுமந்தவர்க்கு, மலையை வெட்டிப் பாதை அமைத்த தோட்டத் தொழிலாளர்க்கு, மலேரியாவில் மாண்ட கூலிகட்கு, குண்டுகளுக்கிடையே சுமைதூக்கிக் காயமுற்றோரைக் கீழிறக்கிய நாகா மக்கட்கு அத்தகைய பெயர்க்கல் ஏது? தங்கள் கிராமமும் வயலும் எரிந்தது எவர் சண்டையால் என்று நாகா மக்கள் கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? 45,000 என்ற எண்ணில் அத்தொழிலாளர் அடங்கினர். வயிறு என்ற அளவில் எண்ணப்பட்டனர். துப்பாக்கி என்ற அளவில் தள்ளப்பட்டனர். அந்த ஐந்நூறு பேர் முதலில் நின்றதும், பின்னர் வந்த படைகள் வென்றதும் மற்ற நாற்பத்து நாலாயிரத்து ஐந்நூறு பேரின் தோள்வலியாலன்றோ?

இன்று திமாப்பூர், 1963-இல் அமைந்த நாகாலாந்து மாநிலத்தின் மிகப் பெரிய நகரம். 'மணிப்பூர் ரோடு' என்ற பெயர் வழக்கிழந்துவிட்டது. அப்பெயரை அறிந்திருந்த நம் ஊர் முதியவர்களும் ஏறத்தாழ மறைந்துவிட்டனர். ஆயினும் நம் குடும்பங்கள் பலவற்றில் "பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்" ஒருவர் இருந்திருப்பார். அவர் எவ்வழியே வந்தார், எங்கே எவர் கையால் உண்டார், உடன் வந்தவருள் யாரை எங்கே விட்டுவந்தார் என்பன வீட்டுப் பெரியவர்களின் நினைவில் இன்னும் ஓரளவு இருக்கக்கூடும். இதழ் என்பது மக்ஸன் என்றால், இத்தகைய செய்திகள் வந்து சேரவேண்டிய கிடங்கு இதுவேயாகும். வீட்டில் உள்ளோரைக் கேட்டு எழுதி வையுங்கள்.

பள்ளிவாசல் திண்ணையில் அந்த அப்பா ஏன் வருந்தினார் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. தமக்குச் சோறு கொடுத்தவனுக்காக அவர் நாள்தோறும் துஆச் செய்துவந்தார். பெயர் தெரியாததால், "மணிப்பூர் ரோட்டில் மூட்டை இறக்கியவன்" என்றே இறைவனிடம் சொல்லிக் கேட்டுவந்தார்.